மூன்றாவது பெடல்

மன்சி, இண்டியானா
1971 பிப்ரவரி 14

அன்பு மகன் கிளேட்டனுக்கு,

நலம்தானே? மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. போர்முனையிலிருந்துகூட மாதம் ஒன்று வந்தது. டென்வர் ஆஸ்பத்திரியில் தபால்தலை கிடைக்காதா? போனது இடது கால்தானே, எழுதுகிற கைக்கு என்ன கேடு என்று உன் அம்மா கேட்கிறாள்.

இங்கே ஒரே பனி. நம் பழைய கார் கடையில் இந்த மாதம் விற்றது ஒரே ஒரு வண்டி. அதிலும் ஹீட்டர் வேலை செய்யாது என்று அந்த ஆள் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். குறையை முதலில் சொல், விலையை அப்புறம் சொல். இருபது வருஷமாக அதில்தான் நம் வீட்டில் சோறு.

நீ பதினாலு வயதில் ஓட்டப் பழகிய நாற்பதாம் வருஷத்து ஃபோர்டு கூப்பே கார் கொட்டகையில் இருக்கிறது. கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே. மே மாதம் வந்து பார்.

உன் அப்பா
வர்ஜில்

டென்வர்
மார்ச் 2

அன்புள்ள அப்பா,

கோபப்படாதீர்கள். இங்கே எனக்கும் வேலை இருந்தது. என்ன வேலை என்று மே மாதம் நேரில் காட்டுகிறேன். புதுக் கால் ஜனவரியிலேயே பொருத்திவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் ரூயிஸ் அதற்கு ‘மேஜர்’ என்று பெயர் வைத்திருக்கிறான். அது யார் சொன்னாலும் கேட்பதில்லை.

கூப்பேயை மட்டும் விற்றுவிடாதீர்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

கிளே

மன்சி
மே 24

கிளே,

இரண்டு வாரம் இருப்பேன் என்று வெள்ளிக்கிழமை வந்தாய். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டாய். அம்மா சுட்ட க்ரீம் பை பலகாரம் வெட்டாமலே கிடக்கிறது.

குளிர்காலம் முழுக்க அந்த வண்டிக்குள்தான் கிடந்தேன். துருவை வெட்டி எடுத்தேன். புது இஞ்சின், புது பிரேக், தோல் சீட், கறுஞ்சிவப்புப் பெயிண்ட். பழைய கியர் பெட்டியையும் கிளட்சையும் கழற்றி விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் போட்டேன். இனி இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. நம் மெக்கானிக் ஆர்வில், “யோவ் வர்ஜில், பந்தயக் குதிரைக்கு நடைவண்டி கட்டுறியே!” என்றான். “ஓட்டப்போறது நீயா, என் பையனா? வாயை மூடிட்டு ஸ்பேனரை எடு” என்றேன்.

நீ கதவைத் திறந்து, குனிந்து தரையைப் பார்த்தாய்.

“ரெண்டு பெடல்தான் இருக்கு.”

“ஆமாடா, உனக்காகத்தான்.”

“நல்லா இருக்குப்பா” என்று கதவைச் சாத்தினாய். உள்ளே உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன குறை கண்டாய்? நேராகச் சொல்.

அப்பா

டென்வர்
ஜூன் 6

அப்பா,

குறை வண்டியில் இல்லை.

ரூயிஸிடம் அவன் அப்பாவின் பழைய லாரி ஒன்று இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அதில்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினேன். இல்லாத பாதத்துக்குப் பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தொடையை வைத்துத்தான் தேட வேண்டும். முதல் நாள் நாற்பது தடவை இஞ்சின் நின்றது. “டேய், எங்கப்பன் லாரியைக் கொன்னுடாதடா!” என்று ரூயிஸ் கத்துவான். வெட்டிய இடத்தில் ரத்தம் கசியும், நர்ஸ் திட்டுவாள், மறுநாளும் போவேன். ஏப்ரல் கடைசியில் ஒரு குலுக்கல் இல்லாமல் மூன்றாவது கியருக்குப் போனேன்.

உங்களிடம் காட்ட வேண்டியது அதுதான். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, “கிளட்சை எரிக்காதடா கழுதை” என்று பழையபடி திட்ட வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

டாக்டர்கள் முடியாது என்றார்கள். ஒருவர் மட்டும் அப்படி நினைக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கிளட்சையே கழற்றி விற்றுவிட்டார். பாசத்தில்தான் செய்தீர்கள். அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை.

ரூயிஸோடு அவன் ஊரான பியூப்ளோவுக்குப் போகிறேன். வண்டியை விற்றுவிடுங்கள். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

கிளே

மன்சி
ஆகஸ்ட் 29

அன்பு மகனுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். ரூயிஸ் வீட்டு விலாசத்தை ஆஸ்பத்திரியில் வாங்கினேன்.

கியர் பெட்டியை வாங்கியவனைத் தேடிப் பக்கத்து ஊர் ஆண்டர்சனுக்குப் போனேன். பந்தயத்தில் ஓட்டி உடைத்துவிட்டான். உடைந்த இரும்பைக் காட்டினான். வேறு பெட்டி வாங்கி மாட்டலாம் என்றான் ஆர்வில். மாட்டலாம்தான். நீ பழகிய பெட்டி திரும்பிவராது, உன்னால் முடியாது என்று நான் நினைத்தது மறைந்துவிடாது.

அதனால் விளம்பரம் கொடுத்தேன்:

“விற்பனைக்கு: 1940 ஃபோர்டு கூப்பே. முழுக்கப் புதுப்பித்தது. புது இஞ்சின், ஆட்டோமேட்டிக். குறை: ஓட்ட வேண்டியவனைக் கேட்காமல் கட்டியது.”

பத்திரிகைக்காரப் பெண், “இதைப் படிச்சா யாரு சார் வாங்குவா?” என்றாள். “அப்படியே போடும்மா” என்றேன்.

போன சனிக்கிழமை ஒருவர் வந்து வாங்கி ஓட்டிப் போனார். குறையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா

மன்சி
டிசம்பர் 12

கிளே,

பதில் வரவில்லை. பரவாயில்லை.

கொட்டகையில் இப்போது ஒரு பழைய லாரி நிற்கிறது. மூன்று பெடல். துருவும் இருக்கிறது, கதவு சரியாகச் சாத்தாது. ஆர்வில் ஸ்பேனரோடு வந்தான், திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்தக் குளிருக்கு பேட்டரி செத்துவிடும் என்று ஞாயிறுதோறும் நியூட்ரலில் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். ஓட்டுகிறவன் சீட்டைக் காலியாக விட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டித்தான் சாவியைத் திருப்புகிறேன். கிளட்சில் இதுவரை என் கால் படவில்லை.

அப்பா