தலவிலத் திருநாளில் றவூப்

அப்பாவுக்கு,

போர்க்காலத்தில் நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகிவிட்டன. உங்களை ஒளித்து வைத்துச் சோறு போட்ட றவூப்பிடம், 'சண்டை முடிந்ததும் தலவில அன்னம்மா தேவாலயத் திருநாளில் சந்திப்போம்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முன்னுரையில், 'எங்கிருக்கிறாரோ' என்று உருகுகிறீர்கள். தேடினீர்களா?

நான் தேடினேன். கடிதத்திலுள்ள குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டத்தை விசாரித்து, பல் முளைத்து அழும் பிள்ளையோடு போனேன். அங்கேயேதான் இருக்கிறார்.

"வருசா வருசம் வாப்பா அன்னம்மா கோயில் திருநாளுக்குப் போறாரு. கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாரெண்டு ஊரே பகிடி பண்ணுது" என்றாள் அவருடைய மகள்.

அவரோ, "உங்கட அப்பா வந்திருப்பாரு மகள், சனத்துக்குள்ள நான்தான் காணல்ல" என்கிறார்.

உங்களுக்காக வெட்கப்பட்டு நின்றேன். இந்த ஓகஸ்ட் திருநாளுக்கு நீங்கள் வராவிட்டால், செத்துவிட்டீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். அழுதுவிட்டாவது அந்த மனுசன் வீட்டிலிருக்கட்டும்.

உங்கள் மகள்