தூணுக்குப் பின்னால் முப்பத்தொரு பிழை

ஜனவரி 9, செவ்வாய்

காலை ஷிப்டில் நாற்பது டைல்ஸுக்குப் பெருக்கல் குறி போட்டேன். பெரும்பாலும் மூலை உடைந்தவை. பெல்ட்டில் வருவதில் கெட்டதற்கு மட்டும்தான் என் சிவப்புப் பென்சில். நல்லது தானாகப் போய்விடும், அதை யாரும் எண்ணுவதில்லை. இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை.

சாப்பாட்டு இடைவேளையில் செய்தி வந்தது. நம் கால்பந்து அணி, பூட்டு என்று எல்லோரும் கூப்பிடும் ஆட்டக்காரரை விடுவித்துவிட்டது. பதினான்கு வருடம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காத்தவர், அதனால் அந்தப் பெயர். வயது முப்பத்தாறு. பாதி சீசனில், ஒரு வரி அறிக்கையில் கதையை முடித்துவிட்டார்கள். என்னைத் தவிர யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாலைக்குள் ரசிகர் குழுவில் நானூறு செய்தி. ஒரே ஒப்பாரி. போன வாரம் "கிழவனை வீட்டுக்கு அனுப்புங்கய்யா" என்று கத்திய சலூன்காரர் இன்று "எங்க உசுரையே பறிச்சுட்டாங்க" என்று எழுதுகிறார். அவருக்கு உயிர் வாரத்துக்கு ஒன்று புதிதாக முளைக்கும் போல.

ஜனவரி 10, புதன்

இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சி, நன்றி கெட்ட நிர்வாகம் என்று மூக்கைச் சிந்துகிறது. இன்னொன்று, இளரத்தம் வேண்டும் என்கிறது. இளரத்தக் கட்சியின் தலைவர் ஒரு பாங்க் குமாஸ்தா. மைதானத்துப் படியில் பத்து ஏறினால் பதினோராவதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவர் சொல்கிறார், பூட்டுக்கு ஓட முடியவில்லையாம்.

இவர்களில் ஒருத்தனாவது ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருப்பானா? நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் நோட்டு இருக்கிறது. இந்த சீசனில் பூட்டு செய்த பிழை முப்பத்தொன்று. எந்த நிமிடம், என்ன தவறு, எல்லாம் உண்டு. அதில் இருபத்துமூன்று ஒரே பிழை: "இடத்தில் இல்லை." எதிராளி பந்தோடு நடுவில் வருகிறான், பூட்டு நிற்க வேண்டிய இடம் காலி, எங்கிருந்தோ தாமதமாக ஓடி வருகிறார். போடு ஒரு பெருக்கல் குறி.

டிசம்பரில் அந்தப் பக்கங்களைப் படியெடுத்து ரசிகர் மன்றச் செயலாளரிடம் கொடுத்திருந்தேன். மருந்துக்கடை வைத்திருப்பவர். இன்று போன் செய்தார். "சார், நிர்வாகத்தோட மீட்டிங்ல உங்க பேப்பரைத்தான் படிச்சேன். மேனேஜர் ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கிட்டார்."

சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஜனவரி 13, சனி

மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பத்தொன்பது வருடமாக மைதானத்தில் எனக்கு அடுத்த இருக்கை அவனுடையது. பந்து எங்கேயோ கிடக்கும்போது திடீரென்று எழுந்து கைதட்டுகிற ஆள். அவனிடம் பேப்பர் விஷயத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"நீங்களா மாமா குடுத்தீங்க?"

"நான்தான். அதுல ஒரு பொய் காட்டு பாப்போம்."

"பொய்யில்ல. அவர் ஏன் அங்க இல்லைன்னு என்னிக்காவது பாத்தீங்களா? உங்க சீட்லேருந்து அந்த மூலையே தெரியாதே. தூண் மறைக்குதே. பஸ்ல கண்ணாடில தெரியாத இடம்னு ஒண்ணு இருக்கு மாமா. தெரியலைங்கறதுக்காக அங்க ஆளே இல்லைன்னு வண்டியை எடுத்துட முடியுமா?"

தூணாம்! கூரையைத் தாங்கும் தூண் ஒன்று என் இருக்கைக்கு முன்னால் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? மைதானத்தின் இடது மூலையை மறைக்கும். அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது? ஒரு கொடிக்கம்பு. முதல் நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது நான்கு கோல் போட்டு ஜெயித்தோம். அன்றிலிருந்து நான் மாறி உட்கார்ந்ததில்லை. மாறினால் தோற்போம். ரசிகன் என்று சொல்லிக்கொள்கிற எவனுக்கும் இது தெரியும்.

"பஸ் ஓட்றவன் பஸ்ஸை ஓட்டு. எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன்.

அவன் அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டான். போகட்டும்.

ஜனவரி 20, சனி

பூஜ்யத்துக்கு இரண்டு, தோல்வி. மச்சான் வரவில்லை. அவன் இருக்கையில் என் குடையை வைத்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

மனைவி சொன்னாள்: "எவனோ பந்து உதைக்கறதுக்காக என் தம்பி இந்த வாசப்படி ஏறாமப் பண்ணிட்டீங்க."  

பிப்ரவரி 3, சனி

ஒன்றுக்கு மூன்று. பாங்க் குமாஸ்தா எழுந்து நின்று "பூட்டைக் கூப்பிடுங்கடா" என்று கத்துகிறார். ஆரம்பத்திலிருந்தே பூட்டின் பக்கம்தானாம். நாக்கா அது, காற்றாடியா?

பிப்ரவரி 17, சனி

மழை. கூரை சரியாக என் இருக்கைக்கு மேலே ஒழுகியது. வேறு வழியில்லாமல் மச்சான் இருக்கைக்கு நகர்ந்தேன்.

இடது மூலை தெரிந்தது.

அந்தப் பக்கத்தைக் காக்க வேண்டியவன் ராக்கெட் என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடும் இருபது வயசுக்காரன். பந்து கிடைத்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் போகிறான். திரும்பி வருவதில்லை. எதிராளிகள் அந்தக் காலி மூலை வழியாக நடந்தே உள்ளே வருகிறார்கள். இன்று அதைத் தடுக்க ஒருவரும் போகவில்லை. நாம் வாங்கிய இரண்டு கோலும் அங்கிருந்துதான் வந்தன.

முன்பெல்லாம் யார் போனது?

பூட்டு போயிருக்கிறார். தன் இடத்தை விட்டு அந்த மூலைக்கு ஓடி ஒருத்தனை நிறுத்திவிட்டு, அடுத்தவனைப் பிடிக்கத் திரும்பி நடுவுக்கு ஓடி வந்திருக்கிறார். திரும்பி வரும் ஓட்டம் மட்டும் என் கண்ணில் பட்டிருக்கிறது. மச்சான் எழுந்து கைதட்டியது எதற்கு என்று இன்றுதான் தெரிகிறது. பைத்தியம் என்று நினைத்தேனே அவனை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இருபத்துமூன்று குறியையும் திரும்பப் படித்தேன். எல்லாமே நம் அணி அந்த மூலைப் பக்கத்து கோலைக் காத்த பாதியில் போட்டவை. மறுபாதியில் ஒன்றுகூட இல்லை. கண்ணு இருந்தும் குருடனாட்டம் உக்காந்திருக்கேன். பெரிய பரிசோதகன்! தூ.

மருந்துக்கடைக்குப் போனேன். அடுத்த மீட்டிங்கில் இதையும் படியுங்கள் என்று ஒரு தாள் நீட்டினேன். செயலாளர் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "விடுங்க சார், அது முடிஞ்சுபோன கதை. அவர் வேற டீம்ல சேந்தாச்சாம்" என்றார். தாள் மேஜை மேல் அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

குழுவில் எழுதினேன். கணக்கு என்னுடையது, தவறு என்னுடையது, தூண் உட்பட எல்லாம். இத்தனை நாள் அவர்களைப் பற்றி நான் இந்த டைரியில் எழுதியதை எல்லாம் என்னைப் பற்றி எழுதிவிட்டார்கள். என்னைவிடச் சுருக்கமாக. சலூன்காரர் ஒரு தூண் படம் மட்டும் போட்டார். முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

மார்ச் 2, சனி

பஸ் நிறுத்துமிடத்துக்குப் போனேன். மச்சான் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"தப்பு என்மேலதான்டா" என்றேன்.

"தூண்மேலன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"அன்னிக்கு உன் வேலையைச் சொல்லிப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு."

ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு மறுபக்கம் போனான். நானும் போனேன்.  ஆட்டத்துக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. இன்று எதிரணியில் பூட்டு. பெரிதாகப் பெயர் இல்லாத சின்ன அணி. அவர் உள்ளே வந்ததும் நம் ஆட்கள் ஊளையிட்டார்கள். "உசுரு" போன சலூன்காரர்தான் முதலில். வெட்கம் என்பது இவர்கள் தெருப்பக்கம் வந்ததே இல்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மச்சான் வந்தான். அவன் இருக்கையிலிருந்து நான் எழுவதற்குள் என்னைத் தாண்டிப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, ஒரு எழவும் தெரியல. பத்தொம்பது வருஷம் இதுலயா உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

இரண்டாம் பாதியில் பூட்டு தன் இடத்தை விட்டு மூலைக்கு ஓடினார். ராக்கெட்டின் காலிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்துத் தட்டிவிட்டு, திரும்பி நடுவுக்கு ஓடினார். சற்று நொண்டினார். எங்கள் வரிசையில் நான் ஒருவன் எழுந்து கைதட்டினேன். பின்னாலிருந்து என்னென்னவோ வசை வந்தது. உட்கார்ந்து பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்தேன். நிமிடம் எழுதினேன். அப்புறம் பென்சில் நின்றுவிட்டது. கெட்டதற்குப் பெருக்கல் குறி. நல்லதற்கு என்ன போடுவது? எனக்கு வேறு குறியே தெரியாது.

"மச்சான், நல்லதுக்கு என்னடா குறி போடறது?"

"இங்க குடுங்க."

நோட்டை வாங்கி, மூடி, இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "சீட்டு இன்னும் ஈரமா இருக்கு மாமா. ஆட்டத்தைப் பாத்துச் சொல்லுங்க, அந்த மூலைல என்ன நடக்குது?"

சொல்லிக்கொண்டே இருந்தேன், கடைசி விசில் வரைக்கும். ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம். மச்சான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.