இடது பக்கம் வாட்டம்

போர்வையை இழுத்ததும் தேன்மெழுகு வாசனைதான் முதலில் வந்தது. ஏழு மாதமாக ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிற, பில்லியர்ட்ஸ் போலக் கோலால் பந்தடித்து ஆடுகிற பூல் டேபிள். அதன்மேல் ஹெல்மெட் வைத்தேன், துவைத்த துணியைக் குவித்தேன், கூரியர் பெட்டிகளை அடுக்கினேன். போர்வையை மட்டும் எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பச்சைத் துணியை நானே இழுத்து அடித்து வேலையை முடிப்பது, முடியாவிட்டால் யாரையாவது கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் இடது பக்கத்தைச் சரி செய்ய வேண்டும். துணிக்கு அடியில் மேசைப் பரப்பாக இருப்பது மூன்று கற்பலகைகள். அந்தப் பக்கக் கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. ரசமட்டத்தைத் தலைமாற்றி வைத்தேன். கருவியில் பிழை இருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்போதும் நடுவில்தான் நின்றது. குறுக்கே வைத்தேன். மூலைக்கு மூலை வைத்தேன். துளி சாயவில்லை.

நீ கடைசியாக என்னிடம் போனில் சொன்னது, இடது பக்கம் வாட்டமாக இருக்கிறது என்பதுதான்.

மூடப்போகிற ஒரு விளையாட்டு மன்றத்திலிருந்து இந்த டேபிளை வாங்கிய அன்றே நமக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. மாட்டுவதற்கு ஆள் வைக்கலாம் என்றாய். நான் மெக்கானிக்கல், நீ சிவில், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மேசையை நிறுத்த முடியாவிட்டால் படித்த சான்றிதழைக் கிழித்துப் போடலாம் என்றேன். மன்னார்புரத்தில் என் மாடி வீட்டுக்கு மூன்று கற்களையும் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம். ஒவ்வொன்றையும் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க தம்பி, அம்மிக்கல்லா? இவ்வளவு பெருசா இருக்கு."

"ஆமாங்கக்கா, தெருவுக்கே சட்னி அரைக்கலாம்னு இருக்கோம்" என்றாய், கல்லின் பாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே.

மேலே வந்ததும் நான் ரசமட்டத்தைத் தேட, நீ ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாய். எனக்குக் கோபம் வந்தது. "துடைக்கிறது யாருடா?" என்று கேட்டேன். நீ காதில் வாங்காமல் தண்ணீர் ஓடுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது நேராக வலது பக்கம், குளியலறைக் கதவுக்கு ஓடியது. "பாத்தியா, கொத்தனார் ஒழுங்கா வாட்டம் குடுத்திருக்கார். தரைக்கு வாட்டம் இருக்கணும். மேசைக்குத்தான் இருக்கக் கூடாது" என்றாய். உன் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிற சொல் அது. மொட்டைமாடிக்கு வாட்டம், குழாய்க்கு வாட்டம், சாக்கடைக்கு வாட்டம்.

அடுத்த ஞாயிறு நீ 'வலது' என்றதும் நான் எதிரே நின்றுகொண்டு என் வலது பக்கத்து மேசைக்காலுக்கு அடியில் உயரம் கூட்ட அட்டை கொடுத்துவிட்டேன். அரைநாள் வேலை வீணாகிப் போனது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: யார் எங்கே நின்றாலும் இடது, வலது என்பதை வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் குழப்பமே வரவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீதான் பட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாய். "எத்தனை பேர் குடும்பத்தை நிறுத்தின அட்டை. ஒரு மேசைய நிறுத்தாதா?" என்றாய்.

நீ கடைசியாகக் கூப்பிட்ட அந்த வியாழக்கிழமை உனக்கு விடுமுறை. என் வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டில் வாங்கிக்கொண்டு நீ மட்டும் மேலே போனாய். நான் மருங்காபுரி பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையைச் சோதிக்கப் போயிருந்தேன். வெயில். பதினோரு மணி இருக்கும், நீ கூப்பிட்டாய்.

"டேய் மில்லிமீட்டர், கொஞ்சம் வாட்டமா இருக்குடா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எவ்வளவு?"

சிரித்தாய். "அத எப்படிடா அளந்து சொல்றது?"

"ரசமட்டம் எதுக்கு வாங்கி வச்சிருக்கேன்? வச்சுப் பாரு. இருந்தா ஒரு அட்டையச் சொருகு. இங்க ஆளுங்க எனக்காக நிக்கிறாங்க."

"சரிடா. நீ வேலையப் பாரு."

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தோரு வயதில் யாருக்கு அந்த நினைப்பு வரும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குமிழி நகராமல் நின்றபோதும் நான் விடவில்லை. எனக்கு ஆதாரம் வேண்டும். ஒருவேளை நான் சொன்னபடி நீ இடது பக்கம் அட்டை கொடுத்துச் சரி செய்திருக்கலாம் அல்லவா? தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கக் கால்கள் இரண்டின் கீழும் பத்திரிகைப் பட்டைகள் இருந்தன, மஞ்சள் தடவிய ஓரம்கூடத் தெரிந்தது. இடது பக்கக் கால்கள் நேராகத் தரையில் நின்றன. ஒரு அட்டைகூட இல்லை. இருக்கவும் முடியாது. தரையின் வாட்டம் வலது பக்கம். இடதுதான் மேடு. நான் குடியிருக்கிற வீடு. நீ தண்ணீர் ஊற்றிக் காட்டிய தரை. இடது பக்கம் என்று நீ சொன்ன அந்த நொடியே 'அது எப்படி?' என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கீழே இறங்கி ஓடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நீ சாவியைத் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நினைவில்லாம என்னங்க? சாவியக் குடுத்துட்டு, இந்தக் கடைசிப் படியில உக்காந்துட்டுதான் போன் பேசினார். தண்ணி வேணுமான்னேன். வேணாங்கக்கா, வேலையெல்லாம் முடிஞ்சுதுன்னார்."

நீ டேபிள் பக்கத்திலேயே இல்லை. கற்களை மட்டம் பார்த்து, இணைப்புகளில் மெழுகு உருக்கி ஊற்றி, சுரண்டிச் சமன் செய்து, போர்வை போர்த்தி, கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் உன்னிடம் எவ்வளவு என்று கேட்டேன். அட்டை சொருகச் சொன்னேன்.

காலேஜ் ஹாஸ்டலில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோதும் இதே சொல்லைத்தான் சொன்னாய். 'வாட்டமா இருக்குடா.' அன்றைக்கு எனக்குப் புரிந்தது. உன்னை பைக்கில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு நீ கட்டட வேலைக்குப் போனாய், நான் சைட்டே கதி என்று ஆனேன், அந்தச் சொல் எனக்குத் தரைக்கும் குழாய்க்கும் மட்டும் என்று ஆகிவிட்டது.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி என்னிடம் கேட்டிருந்தாள். "கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்கார் அண்ணா. ஏதாவது சொன்னாரா?" டேபிளைப் பற்றித்தான் பேசினான் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது எனக்கு உண்மை. இப்போது அது பொய். திங்கட்கிழமை வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. நீ சொன்னதை, நான் சொன்னதை, குமிழியை, படியை, வரிசையாகச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

அவள் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "காலைல என்கிட்டயும் அதேதான் சொன்னார். வாட்டமா இருக்குன்னு. ராத்திரி சரியா தூங்கலையா, வெயில்ல அலையாதீங்கோன்னேன். ஒரு டம்ளர் மோர் குடுத்தேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசமா இத நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணா."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது கேட்டாள், "டேபிள் இப்ப எப்படி இருக்கு?"

"மட்டமா இருக்கு. நான் பாத்ததிலேயே இதுதான் மட்டம்."

"யாருக்கும் குடுத்துடாதீங்கோ."

கொடுக்கவில்லை. துணியும் இன்னும் அடிக்கவில்லை. கல் திறந்தே கிடக்கிறது.

இன்று காலை சைட்டில் வெல்டர் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் வாட்டமா இருக்குங்க சார்" என்றார்.

"யாருக்கு? உங்களுக்கா, பைப்புக்கா?"

ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பைப்புக்குத்தாங்க சார். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவர் குடித்து முடித்த பிறகுதான் ரசமட்டத்தைக் கையில் எடுத்தேன்.