பதினான்கு வீட்டுப் பசுமைக்குடில்

லே, 4 அக்டோபர் 2003

அன்புள்ள அச்சே யாங்டோலுக்கு,

ஜூலே, வணக்கம். நீயும் பிள்ளைகளும் நலமா? அத்தானுக்குச் சாலை வேலை முடிய வசந்தம் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டேன்.

நம் பதினான்கு வீட்டுக்கும் பொதுவான பசுமைக்குடிலின் வரைபடம் இத்துடன் இருக்கிறது. தெற்கே பிளாஸ்டிக் தாள். வடக்கே இரட்டை மண்சுவர், நடுவில் வைக்கோல், உள்பக்கம் கறுப்புச் சாயம். பகல் வெயிலைச் சுவர் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பின்னால் ஊர் ஆட்டுப்பட்டி. ஆடுகளின் உடம்புச் சூடு குடிலுக்குள் வரச் சுவரில் நான்கு திறப்புகள், ஒரு முழச் சதுரம். விறகும் வேண்டாம், வறட்டியும் வேண்டாம். ஜனவரியில் கீரை பறிக்கலாம்.

திறப்புகளுக்கு நான்கு இரும்புக் கம்பிவலை பஸ்ஸில் வருகிறது. அவற்றை நீயே நின்று அடிக்க வை. ஆண்களிடம் விட்டால் சாங் குடித்துவிட்டு அந்தச் சுவரிலேயே சாய்ந்து தூங்குவார்கள்.

உன் தம்பி,
நம்கைல்

11 ஜனவரி 2004

தம்பி நம்கைலுக்கு,

மூன்று வாரம் கீரை தின்றோம். வெளியே எச்சில் துப்பினால் உறைகிறது, உள்ளே பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். ஊரே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

நேற்று விடிந்ததும் பட்டியைத் திறந்தேன். என் கால் ரத்தத்தில் வழுக்கியது. பனிச்சிறுத்தை பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குடிலுக்குள் இறங்கி, திறப்பு வழியாகப் பட்டிக்குள் நுழைந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு ஆடுகள். தின்றது ஒன்றைத்தான், மற்றதையெல்லாம் கழுத்தைக் கடித்துப் போட்டிருக்கிறது. ரத்தம் குடித்த மயக்கத்தில் கீரைப் பாத்தியில் படுத்திருந்தது. ஊர்த்தலைவர் கியால்சன் கடப்பாரையால் அதன் மண்டையை உடைத்தார். செத்த பிறகும் நிறுத்தவில்லை. அவருடைய ஆடுகள் மட்டும் பதினெட்டு.

உன்னிடம் மறைக்க மாட்டேன். வலையை நான் அடிக்கவில்லை. சுர்ப்பே பாலாடைக் கட்டிகளைப் பரப்பிக் காயவைக்க அந்த வலைகளை மாடிக்குக் கொண்டுபோனேன். நாளைக்கு, நாளைக்கு என்றே மறந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. "அந்தப் படிச்ச பய ஓட்டை வச்சுக் கட்டிட்டான், வரட்டும்"னு உன்னைத்தான் திட்டுகிறார்கள். உண்மை தெரிந்தால் பிறப்புக்கும் சாவுக்கும் நம்மோடு நிற்கும் ஆறு வீடுகளும் என் முகத்தில் கதவைச் சாத்திவிடும். அத்தானும் ஊரில் இல்லை. பயமாக இருக்கிறது.

உன் அச்சே,
யாங்டோல்

லே, 19 ஜனவரி

அச்சே,

நீ வாயைத் திறக்காதே. வரைந்தவன் தப்பு என்றே இருக்கட்டும். நான் வருகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். மிஞ்சிப்போனால் நாலு அடி விழும்.

நம்கைல்

லே ஆஸ்பத்திரி, 16 பிப்ரவரி

யாங்டோலுக்கு,

இடது கண் போய்விட்டது. மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது. கியால்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ணுக்கு நான்தான் அந்தச் சிறுத்தை. வலையை மறந்ததும் பெரிதில்லை, மனிதர்கள் மறப்பார்கள்.

ஆனால் நான் கீழே கிடந்தபோது நீ மாடியில் நின்றாய். பார்த்தேன், அப்போது எனக்கு இரண்டு கண்ணும் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாம். "போதும், விடுங்க, செத்துருவான்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? நான் உனக்காக அடி வாங்கினேன், உனக்குத் தொண்டை கூடத் திறக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

நம்கைல்

8 மார்ச்

தம்பி நம்கைலுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதுவே கடைசி.

முந்தாநாள் ஊர்க்கூட்டத்தில் நான்கு வலைகளையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கியால்சனின் மனைவி என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நெற்றி கிழிந்தது. "தம்பிய அடிக்க விட்டுட்டு வேடிக்கையாடி பாத்த? நீயெல்லாம் பொம்பளையா?" என்றாள். யாரும் தடுக்கவில்லை. ஆறு வீடுகளும் விலகிவிட்டன. நான் செத்தால் தூக்க ஆளில்லை. அது எனக்குத் தகும்.

கியால்சன் மட்டும் என்னைத் தொடவில்லை. பக்கத்தில் வந்து கேட்டார்: "நான் அவனை எத்தன அடி அடிச்சேன்? எனக்கு நெனப்பில்ல. நீ மாடியில நின்னு பாத்தியே, சொல்லு."

பதினேழு என்றேன்.

நான் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன், தம்பி. அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார். கையைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. உன்னிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது. வாசலிலேயே நிற்பார். உள்ளே கூப்பிட்டு உப்புத் தேநீர் கொடு.

எனக்குப் பதில் வேண்டாம்.

யாங்டோல்