இடது பக்கத்துப் பட்டன்

ஐயா,

கேம் பெட்டி சூடாகும்போது ஒரு வாசம் வருமே, தூசி கருகுகிற வாசம், அது இன்று காலை வந்தது. நீ இருந்தபோது அந்த வாசத்துக்கு எனக்குத் தலை வலிக்கும், போய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். இன்று திறந்திருந்த ஜன்னலையும் சாத்திவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை இதைக் கொண்டு போகிறார்கள். நீ முடிக்காமல் விட்டுப்போன சாமுராய் கேமில் மிச்சம் இருப்பது ஒருவன்தான், பாலத்தில் நிற்கிற அந்த முகமூடிக்காரன். பெட்டி போவதற்குள் அவனைச் சாய்த்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். முடியவில்லை ஐயா. எத்தனை தரம் செத்தேன் என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன்.

இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்று ஆனபின் வீட்டோடு கிடந்தாய். உன்னோடு லோரி ஓட்டியவர்கள்தான் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார்கள். டிவியில் வாளும் கையுமாக ஒருவன் வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடா இது, சப்பான்காரனா?”

“சாமுராய்மா. இவன் நல்லவன்.”

“சப்பான்காரன்ல நல்லவன் ஏதுடா? எங்க பெரியப்பாவ சண்டக் காலத்துல சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கிட்டுப் போனவன் இடுப்புல இந்த மாதிரி வாளுதான் தொங்குச்சாம். எங்கப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு.”

“அது உன் பெரியப்பா காலம்மா. இவன் அதுக்கெல்லாம் பல நூறு வருசம் முந்தி.”

“அப்ப இவன் பேரன்தான்டா வந்து இழுத்துக்கிட்டுப் போயிருக்கான்!”

நீ சிரித்த சிரிப்பில் உன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். டயாலிசிஸ் தொடங்கியதற்குப் பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

ஆனால் கேமின் தொடக்கத்திலேயே அந்தச் சாமுராயின் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். பெயர்கூடச் சொல்லவில்லை. அவள் மகனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள், வாசலில் எவனோ வருகிறான், ஒரே வெட்டு. ஏன்டா கொன்றார்கள் என்று கேட்டேன்.

“அம்மா செத்தாத்தான்மா கதை நகரும்.”

“ஏன், அம்மா உயிரோட இருந்தா அவன் வாளெடுக்க மாட்டானா? கை வராதா?”

அம்மா சாவதும் மகன் வாளைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதும்தான் அவர்களுக்குத் தெரிந்த கதை. மகன் போய் அம்மா மிஞ்சினால் அவள் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்று யாராவது ஒரு கேம் செய்திருக்கிறானா ஐயா?

உன் இடது கையில் டாக்டர் நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக. தொட்டால் உள்ளே ர்ர்ர் என்று எஞ்சின் ஓடுகிற மாதிரி ஓடும். போகப்போக அந்தக் கை விரல்கள் குளிர்ந்து மரத்துப்போயின. கட்டைவிரல் ஒருவாறு அசையும், ஆள்காட்டி விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. நான் கதவோரம் நின்று அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாய்.

“ம்மா, இங்க வந்து உக்காரு. இந்தப் பட்டன் மேல விரல வை.”

“எதுக்குடா?”

“இதுதான் தடுக்குற பட்டன். எதிராளி வெட்டும்போது நான் ‘இப்போ’ன்னு சொல்வேன், நீ அமுக்கு. என் விரலு வேலைக்கு ஆகாது.”

“வேற பக்கத்துக்கு மாத்திக்க முடியாதா?”

“முடியாதுலா. சப்பான்காரன் செஞ்சது. அவன் வச்ச எடத்துலதான் இருக்கும்.”

எனக்கு அது உடனே புரிந்தது. அவன் பிடிவாதம்தான் ஊரறிந்தது ஆயிற்றே. திட்டிக்கொண்டே உன் இடது பக்கம் உட்கார்ந்தேன். உன் விரல் இருக்க வேண்டிய இடத்தில் என் விரலை வைத்தேன். உன் கை என் கைமேல் பட்டபோதெல்லாம் அந்த ர்ர்ர் என் தோளுக்குள்ளும் ஓடியது. அன்றிலிருந்து வெட்டுவது நீ, தடுப்பது நான்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலு எழுத்துப் படித்தவள் நான். ஆனால் பார்த்ததை விடமாட்டேன், அது உனக்குத் தெரியும். ஈட்டிக்காரன் தோளை இறக்கினால் குத்து வருகிறது, ஏற்றினால் பொய். இரட்டை வாள்காரன் முதலில் இடது வாளைக் காட்டி வலதால் வெட்டுவான். வில்லுக்காரன் ஒரு காலைப் பின்னால் வைக்காமல் அடிப்பதில்லை. ஒவ்வொருவனையும் மனதில் போட்டு வைத்திருந்தேன், கல்யாணப் பந்தியில் என்னைக் கவனிக்காமல் போனவர்களை வைத்திருக்கிற மாதிரி. நீ அதைச் சொல்லித்தான் கேலி செய்வாய். “எங்கம்மாகிட்ட ஒருதடவ மாட்டுனவன் தப்பிக்க முடியாது மக்களே” என்பாய்.

மக்களே என்றது போனுக்குள் இருந்தவர்களை. கேம்களின் நிறையையும் குறையையும் தமிழில் பேசி வீடியோவாகப் போட்டுவந்தாய், சில பிள்ளைகள் கேட்டார்கள். இந்தக் கேமைப் பற்றிப் பேசியபோது என்னையும் விடாமல் இழுத்தாய். “பக்கத்துல எங்க வீட்டுத் தற்காப்பு அமைச்சர் உக்காந்திருக்காங்க. ம்மா, வணக்கம் சொல்லு.” நான் வணக்கம் சொல்லவில்லை, “அந்தத் தாயை எதுக்குக் கொன்னானுங்கன்னு கேளு” என்றேன். அதையும் வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டாய்.

அதில் நீ சொன்ன நிறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரே வெட்டில் உயிர் போகும், நமக்கும் சரி, எதிராளிக்கும் சரி. லோரி ஓட்டுகிற மாதிரி, ஒரு தப்புதான், இரண்டாவது தப்புக்கு ஆள் இருக்கமாட்டான் என்றாய். வாளை உறையிலிருந்து எடுக்கிற சத்தம். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கலாம் என்பது. கூரைமேல் பெய்கிற மழை, நம் கிள்ளான் மழை மாதிரியே சாய்ந்து அடிப்பது. எதிராளிகள் சண்டைக்கு முன் தலை வணங்குவது, கீழே விழுந்தவனை வெட்டாமல் எழுந்திருக்கும்வரை நிற்பது. அதைப் பார்த்தபோது, “இந்த மரியாதையில பாதிய எங்க பெரியப்பாகிட்டக் காட்டியிருக்கலாம்” என்று சொன்னேன், அதுவும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

குறைகளும் சொன்னாய். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் ஒரே முகம். கிணற்றடியில் நாம் காப்பாற்றினவளே அடுத்த ஊரிலும் வந்து அதே அழுகையை அழுகிறாள். முகமூடிக்காரனிடம் செத்தால் பாலத்திலிருந்து தொடங்கவிடாமல், எரிகிற ஊர் முழுவதையும் மறுபடி நடக்க வைக்கிறான். செத்தவனுக்கு அதைவிடத் தண்டனை உண்டா? கடைசியாக, பட்டனை இடம் மாற்ற முடியாது, கை சரியில்லாதவனை இந்தக் கேமைச் செய்தவன் நினைக்கவே இல்லை என்றாய். அந்த இடத்தில் உன் குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். வருத்தத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். அந்த ஒன்றுக்காகவே அந்தக் கேம் செய்தவனை நான் மனதில் ஏற்றி வைத்தேன், பெரியப்பாவை இழுத்துப் போனவனுக்குப் பக்கத்தில்.

முகமூடிக்காரனிடம்தான் என் நினைவு செல்லாது. அவனுக்கு முகம் இல்லை, தோள் அசைவதில்லை. அவன் பாதத்தைப் பார்த்து நீ சொல்வாய், நான் அமுக்குவேன். என் விரல் எப்போதும் ஒரு மூச்சு பிந்தியது. தோற்றோம், எரிகிற ஊரை நடந்தோம், மறுபடி தோற்றோம். அந்தச் செவ்வாய்க்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே, “சாயங்காலம் வந்து இவன முடிச்சிருவோம்மா” என்று சொல்லிவிட்டு டயாலிசிஸுக்குப் போனாய். அங்கே நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது.

நீ கூடத்தில் கிடக்கிறாய், உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மச்சான், பந்தலுக்குள் நின்றுகொண்டு, “கேமையே கட்டிக்கிட்டுக் கெடந்தான், உடம்ப எங்க பாத்தான்” என்று யாரிடமோ சொன்னான். கட்டம் போட்ட நீலச் சட்டை, கையில் பாதி குடித்த தேநீர். அவன் மறந்திருப்பான். நான் அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஒரு வருஷமாகத் தனியாக ஆடிப் பார்க்கிறேன். வலது கையால் வெட்டக் கற்றுக்கொண்டேன், இடது கையால் தடுக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து வரவில்லை. முகமூடிக்காரன் தலை வணங்குகிறான், நான் உன் குரலுக்காகக் காதைத் தீட்டுகிறேன், அதற்குள் செத்துவிடுகிறேன். டிவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன் ஐயா. சொல்லுடா, சொல்லுடா என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

உன் தெவசம் முடியட்டும் என்றுதான் மருமகள் காத்திருந்தாள். இப்போது வேலைக்குப் பக்கம் என்று உன் மகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பூலோவில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். பெட்டி உன் மகளுக்குச் சேர வேண்டியது, நான் குறை சொல்லவில்லை. என்னையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். உன் மச்சான் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றுவிட்டேன்.

நேற்றுக் கூடத்தில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தவள், நான் மறுபடி மறுபடி சாவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அத்தே, அந்தத் தடுக்குற பட்டன வலது பக்கம் மாத்தித் தரவா? உங்களுக்கு ஈசியா இருக்கும்.”

“மாத்த முடியாதுன்னு சொன்னானே.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“மாத்தலாம் அத்தே. செட்டிங்ல இருக்கு. நீங்க பாசாருக்கு மீன் வாங்கப் போனப்பல்லாம் அவரு மாத்தி வச்சித்தான் ஆடுவாரு. வாசல் கேட்டு சத்தம் கேட்டா பழையபடி வச்சிருவாரு. என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு.”

“ஏன்டி?”

“மாத்திட்டா அம்மா எந்திரிச்சிப் போயிருவாங்க, மறுபடி கதவோரமா நின்னு என் கையவே பாத்துக்கிட்டு அழுவாங்கன்னாரு.”

டிவியைக் காட்டிக் கேட்டேன்.

“தனியா ஆடுனப்ப இந்தப் பாலத்துக்காரன ஜெயிச்சானா?”

“இவன்கிட்ட மட்டும் தனியாப் போகவே இல்ல அத்தே. நான்கூடக் கேட்டேன். ‘இவன் எங்க ரெண்டு பேருக்குமானவன்’னுட்டாரு.”

நான் கோபம் வைக்காத ஆள் இந்த வீட்டில் நீ ஒருவன்தான். இப்போது உன் மேலும் வந்துவிட்டது. தனியாகப் போயிருந்தால் ஜெயித்திருப்பாயே. உலகத்தில் உனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சண்டை, அதை ஒரு கிழவியின் விரலுக்குப் பின்னால் நிறுத்திவைத்தாயே. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவன் விழுவதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? கதவோரம் நின்று அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், அதற்காகவா? மருமகள் அருகில் வந்து முதுகைத் தடவினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். பிறகு நானே பிடித்துக்கொண்டேன்.

“நான் வெட்டுறேன், நீங்க தடுங்க அத்தே” என்று வலது பக்கம் உட்கார்ந்தாள். பட்டனை மாற்ற வேண்டாம் என்றேன். அவளுக்கு எப்போது சொல்வது என்று தெரியவில்லை. “அத்தே, அத்தே, ஐயோ!” என்று அவள் அலறும்போது நாங்கள் செத்திருப்போம். அந்த எரிகிற ஊரை இருவரும் நடந்துகொண்டே இருந்தோம். ஒரு தரம் அவள், “இந்தப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஏன் ஒரே மூஞ்சி?” என்று கேட்டுவிட்டு அழுதாள். தட்டுகள் பாதி சுற்றியும் சுற்றாமலும் தரையில் கிடந்தன.

“ஞாயித்துக்கிழமையில அங்க வாங்க அத்தே. அண்ணன் கடைக்குப் போயிருவாரு, வீட்ல இருக்கமாட்டாரு.”

“இருந்தா என்ன? அவனுக்குப் பயந்தா நான் வராம இருந்தேன்?”

அதனால் கொமுட்டர் ரயில் ஏறிப் போகப்போகிறேன் ஐயா, அவன் வீட்டுக்கே. அவனிடம் பேசமாட்டேன். அவன் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன், என் போத்தல் என் பையில் இருக்கும். மருமகளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, முடிந்தவரை செத்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுவேன். அடுத்த ஞாயிறும் போவேன். முகமூடிக்காரன் விழுந்தாலும் நீ வரப்போவதில்லை. அவன் விழாதவரை நீ இன்னும் எதையோ பாதியில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாய் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். இரண்டில் எனக்கு எது வேண்டும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

இந்த விரலை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பாசாரில் மீன்காரன் கத்தியை ஓங்கினால், பட்டனை அமுக்குகிற மாதிரி மடங்குகிறது. ரோட்டில் லோரி திடீரென்று பிரேக் போட்டால் மடங்குகிறது. உன் மகள் தூக்கத்தில் கையை வீசினால்கூட மடங்குகிறது. நீ சொல்லச்சொல்ல ஒரு மூச்சு பிந்தியே வந்தது, சொல்ல ஆளில்லாத இப்போது ஒருமுறைகூடப் பிந்துவதில்லை.