கொக்கின் முழங்கால்

இன்று சாரலோடு சன்னல் வழியாகச் சேற்று வாடையும் வந்தது. நம் குளத்தின் மேற்கு மூலையை நேற்றுத் தோண்டி முடித்துவிட்டார்கள். நீ காப்பாற்றிக் கொடுத்த மூலை.

உனக்கும் எனக்கும் ஒரே டாக்டர், ஒரே சர்க்கரை. அவர் நடக்கச் சொன்னதால்தான் தென்காசிக் குளத்துக்கரையில் சேர்ந்தோம். நடந்ததைவிட நின்று பார்த்ததுதான் அதிகம். துபாயிலிருந்து உன் வீட்டுக்காரர் கூப்பிட்டால் போனைக் கொக்குகள் பக்கம் திருப்பிவிடுவாய். "போதும், உன் மூஞ்சியக் காட்டு" என்பார், பாவம்.

முதன்முறை குளத்தைச் சீரமைத்தபோது ஆகாயத்தாமரை போனது, சாக்கடை நின்றது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரே ஆழமாக வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நீ மட்டும் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாய்.

"அண்ணாச்சி, இந்த மூலைய விட்டுருங்க. கொக்கு நிக்க முழங்கால் தண்ணி வேணும்லா?"

"கொக்கு நிக்கதுக்கா குளம் வெட்டுதோம்?" என்று சிரித்தார் இயந்திர ஓட்டுநர்.

"அதுக்கு நீந்தத் தெரியாதே, நாம என்ன செய்ய?"

என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். யார் முழங்கால் என்று உன்னைக் கேலி செய்தேன். "கொக்கு முழங்கால்தாம்ட்டி. உன் முழங்கால்னா அது முங்கிப் போவும்" என்றாய். அந்த மழைக்கே கொக்கும் தாழைக்கோழியும் வந்து நிறைந்தன.

நீ கண்ணை மூடி இரண்டு சாரல் ஆகிறது. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் மாலையில் இங்கே வரட்டும் என்று நடைபாதை போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள். நல்லதுதான், நானும் உட்காருகிறேன். பிறகு மேற்கு மூலையில் குழந்தைகளுக்கு மிதி படகு என்றார்கள். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, கொக்கின் முழங்கால் அளவுக்கு மேல் தோண்டாதீர்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

இன்று போய் மேற்பார்வையாளரிடம் சண்டை பிடித்தேன். "நீங்க கேட்ட முழங்கால் ஆழந்தான் அக்கா. வேணும்னா எறங்கிப் பாருங்க" என்றார்.

இறங்கினேன். தண்ணீர் என் முழங்காலில் சரியாக நின்றது. அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியவில்லை. ஒரு கொக்கு காலைத் தொங்கவிட்டபடி இரண்டு தடவை சுற்றியது. இறங்காமலே வடகரைப் பக்கம் போய்விட்டது.

இந்தக் கூத்தைக் கேட்டால் நீ முதலில் விழுந்து விழுந்து சிரிப்பாய், அப்புறம்தான் சண்டைக்குக் கிளம்புவாய். சண்டையை நான் போட்டுவிட்டேன். சிரிக்கத்தான் முடியவில்லை ஏட்டி. அதற்கு நீ வேண்டும்.