பத்து நாற்பத்திரண்டு முதல் பத்து நாற்பத்தேழு வரை

ஏப்ரல் 9, புதன்கிழமை
காலை 6.20

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் பழுதாகி மூன்று நாள் ஆகிறது; மேற்பார்வையாளருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன்.

மார்ச் 27 தேதியிட்ட உன் கடிதம் 5ஆம் தேதி சனிக்கிழமை கிடைத்தது. "பெரியப்பா, நீங்க இல்லன்னா அப்பா இல்ல" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 6ஆம் தேதி தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் அழைத்தேன். நீ எடுத்த எடுப்பிலேயே நன்றி சொன்னாய். நானும் "அதெல்லாம் எதுக்கும்மா" என்று அடக்கத்தோடு பேசி வைத்துவிட்டேன். அது அடக்கம் அல்ல. ஆகவே எழுதுகிறேன்.

உடனே முதலுதவி செய்தும் அப்பாவுக்கு ஏன் இத்தனை மறதி, ஏன் வார்த்தை வரவில்லை என்று மருத்துவர்களுக்கே புரியவில்லை என்கிறாய். ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும், 21ஆம் தேதி புகார் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. தயவுசெய்து முழுவதும் படி.

சென்ற ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்புச் செயலாளராக நம் பொது அறையில் முதலுதவிப் பயிற்சி நடத்தினேன். அன்றே 'அவசரகாலக் குழு' என்று பட்டியல் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன். தலைவர் நான். தொலைபேசிக்கு இரண்டாம் மாடித் தையற்காரர். நெஞ்சை அமுக்க மூன்றாம் மாடி உடற்பயிற்சிக் கூடக்காரர். உன் அப்பா அதைப் படித்துவிட்டு, நண்பன் என்ற உரிமையில், "ஏன்டா, எனக்கு ஒண்ணுன்னா ஞாயித்துக்கிழமையா பாத்து விழணுமா?" என்று கேட்டான். கட்டடம் முழுவதும் அவனை ரேடியோ என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். ரேடியோ சொல்வதையெல்லாம் காதில் வாங்க முடியுமா என்று நானும் சிரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்களை வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே உதவும் பட்டியலைப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்று. காலை எட்டு மணிக்குத் துடைக்க வருகிற அம்மாவை எல்லோரும் 'எட்டு மணி' என்போம். பயிற்சியன்று அந்த அம்மா வாசலில் நின்று ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். பாடம் முடியட்டும், வெளியே துடையுங்கள் என்றேன். பிப்ரவரி 11 அன்று பொது அறை நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கையும் கொடுத்தேன். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. அப்பா வழக்கம்போல் பொது அறையில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தான். என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. 10.42.

சத்தம் கேட்டு எட்டு மணி அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து கன்னத்தருகே காது வைத்துப் பார்த்தார். "அய்யா, மூச்சு இல்ல. நான் அமுக்குறேன், நீங்க போன் போடுங்க" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ தொடாதே. பட்டியல்ல இருக்கறவங்க வரட்டும்."

சொல்லிவிட்டு மாடி ஏறினேன். தையற்காரர் வீட்டு மணியை அடித்தேன்; கடைக்குப் போயிருந்தார். மூன்றாம் மாடி பூட்டிக் கிடந்தது. என் முழங்கால் உனக்குத் தெரியும். ஏறி இறங்கி வந்தபோது, அந்த அம்மா அவன் அருகில் மண்டியிட்டபடி, கையை மட்டும் மடியில் வைத்திருந்தார். ஒரு நோட்டீஸ் கொடுத்து நான் பழக்கிய கீழ்ப்படிதல் அது.

"யாரும் வரல இல்ல? இனிமே உங்ககிட்ட கேக்கப் போறதில்லய்யா" என்று சொல்லிவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். மணி 10.47.

பிறகு நடந்ததுதான் தலைமை. அந்நேரம் பார்சல் கொண்டுவந்த ஆளும், முதல் மாடிப் பாட்டு டீச்சரும் வாசலில் திகைத்து நின்றார்கள். அந்த அம்மா கை நிறுத்தாமல் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். "தம்பி, நீங்க ஆம்புலன்சுக்குப் போடுங்க. சத்தமா வச்சு என் பக்கத்துல வைங்க. டீச்சர், நீங்க கேட்டைத் தொறந்து ரோட்டுல நில்லுங்க. என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க." டீச்சர் பள்ளிப் பிள்ளைபோல் ஒப்பித்துவிட்டு ஓடினார். அடுத்து என்னைப் பார்த்தார். "அய்யா, நீங்க மணி பாருங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லணும், நாங்க ஆள் மாத்திக்கணும்."

பார்சல்காரர் அந்தப் பதற்றத்திலும், "சார் மணி தப்பாவே சொல்ல மாட்டாரு, அக்கா. நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாக்கூட நோட்டுல எழுதிடுவாரு" என்றார்.

சொன்னேன். 10.49. 10.51. இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். 10.58க்கு ஆம்புலன்ஸ் வந்தது. மின்அதிர்ச்சி இரண்டாம் முறை கொடுத்ததும் நாடி திரும்பியது. ஒரு நொடிகூட அவர்கள் வீணாக்கவில்லை. நான் கடிகாரத்தோடு நின்றேன், எனக்குத் தெரியும்.

வண்டியில் கூடப் போனது நான் மட்டும். மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார்: "விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு அமுக்க ஆரம்பிச்சீங்க?" வாழ்நாள் முழுதும் நிமிடக் கணக்கோடு பிறரை வாட்டியவன் நான். "உடனே, டாக்டர்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் உன் அப்பா தலையில் வேறு ஏதோ கோளாறு என்று ஐந்து வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

7ஆம் தேதி திங்கட்கிழமை எட்டு மணி அம்மாவை உட்காரச் சொல்லி, ஏன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டாங்கய்யா?" என்றார். டாக்டரிடம் 'உடனே' என்றதையும் சொன்னேன். அதுவரை இல்லாத கோபம் அவர் முகத்தில் வந்தது. "என்னப் பாத்து தொடாதன்னீங்க, போகட்டும். டாக்டர்கிட்ட நிமிஷத்த மாத்திச் சொல்லலாமாய்யா? அவங்க அத வச்சுத்தான பாப்பாங்க?"

நேற்று காலை 9.15க்கு டாக்டரம்மாவைப் பார்த்து ஐந்து நிமிடம் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லி, பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். இப்போது புரிகிறது என்றார். நகல் இணைத்திருக்கிறேன். உன் புகார் கட்டாயம் போக வேண்டுமென்றால் அதில் என் பெயரை எழுது.

20ஆம் தேதி எனக்கு வைத்திருந்த பாராட்டுக் கூட்டத்தில் நானே எழுந்து இதையெல்லாம் வாசிக்கப் போகிறேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். இனிப் பயிற்சி கொடுக்க அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவசரப்படுத்தவில்லை.

உன் அம்மாவிடம் நேற்று மாலை சொன்னேன். அப்பாவின் மருந்து டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, மகளுக்கு எழுதிவிடுங்கள் என்றாள்.

அப்பா தினமும் கீழே வந்து உட்காருகிறான். செய்தித்தாளைக் காட்டி, "அந்த... மடிக்கிறது" என்கிறான். என் பெயர் வரவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என் பக்கம் திரும்பி, "மணி என்ன?" என்று கேட்கிறான். அதை என்னிடம்தான் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு எப்படியோ நினைவிருக்கிறது.

மகளே, மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் எழுது: நான் இனியும் அவன் பக்கத்தில் உட்காரலாமா? நீ வேண்டாம் என்றால் அன்றே எழுந்துவிடுவேன். உன் பதில் வரும் வரை, அவன் கேட்கும்போதெல்லாம் சரியான மணியைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

செயலாளர் என்று எழுதாமல் கையெழுத்திடும்,
உன் அப்பாவின் நண்பன்